கார்பன் வரைபடத்துக்குள் விழுந்த வாய்க்கால்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி அலுவலக எழுத்தர்,
வாய்க்காலின் தலைப்பில் முதல் நிலம்,
அரவை ஆலைக்கு எதிர்வீடு.

பெறுநர்:
உயர்திரு வட்டார நில நிர்வாக அலுவலர் அவர்கள்,
நில நிர்வாக அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: கார்பன் விவசாயத் திட்ட வரைபடத்தில் தவறுதலாகச் சேர்ந்துவிட்ட பொது வாய்க்காலை விடுவித்து, மழைக்கு முன் தூர்வார அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த இரண்டு மனுக்கள். (பதில் இல்லை.)

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இருபத்தொன்பது ஆண்டுகள் பிறர் தந்த மனுக்களுக்கு எண் போட்டு, கட்டுக் கட்டி, அலமாரியில் அடுக்கியவள் நான். நீளமான மனு எந்தக் கட்டின் அடியில் போய்ச் சேரும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆகவே சுருக்கமாக எழுத முயல்கிறேன். இது புகார் மனுதான். ஆனால் புகாரின் முதல் பாதி என்மீதே.

1. காற்றிலுள்ள கரியை மரத்திலும் மண்ணிலும் பிடித்து வைக்கும் கார்பன் விவசாயத் திட்டத்தில் என் நிலமும், அதை அடுத்த மூன்று நிலங்களும் மூன்றாண்டுகளுக்கு முன் சேர்ந்தன. முப்பது ஆண்டுகளுக்கு உழக்கூடாது, தோண்டக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது என்பது ஒப்பந்தம். திட்டத்தின்மேல் எனக்குக் குறையில்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த என் நிலம் இப்போது காலை வைத்தால் அமுங்குகிறது. மண்புழு வந்திருக்கிறது. அந்த மரங்களில் ஒரு கிளை ஒடிந்தாலும் எனக்கு வயிறு எரியும்.

2. சேர்ந்த அன்று, திட்டத்தை நடத்தும் தனியார் நிறுவனத்தின் களப்பணியாளர் ஒரு கைப்பேசியை என்னிடம் கொடுத்து, “எல்லையைச் சுத்தி நடங்கம்மா, அது தானா கோடு போட்டுக்கும்” என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பக்கம் சரியாகவே நடந்தேன். நான்காவது பக்கம் வாய்க்கால். அதன் இக்கரைதான் என் எல்லை. ஆனால் இக்கரையில் முள் மண்டிக் கிடப்பதால் யாரும் நடப்பதில்லை. வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் பலகையைத் தாண்டி அக்கரையில் போவதுதான் எல்லோருக்கும் பழக்கம். அன்றும் என் கால்கள் பழக்கப்படி அக்கரைக்குப் போய்விட்டன. நடைபாதை எது, எல்லை எது என்று கைப்பேசிக்குத் தெரியாது. தெரிந்த நான் யோசிக்கவில்லை. ‘சரி’ என்ற பொத்தானையும் நானே அழுத்தினேன். படித்தவள் நடந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்ற மூவரும் அதே வழியில் நடந்தார்கள். இவ்வாறு அறுநூறு மீட்டர் பொது வாய்க்கால் எங்கள் நான்கு பேரின் மரத்தோப்பாகப் பதிவாகிவிட்டது.

3. இந்த வாய்க்காலை நம்பிக் கீழே நாற்பத்து மூன்று வீட்டாரின் நிலம் இருக்கிறது. ஆண்டுதோறும் மழைக்கு முன் வீட்டுக்கு ஒருவர் வந்து, மண்வெட்டிப் பிடியால் நாளுக்கு ஏழு நீளம் அளந்து, தத்தம் பங்கைத் தூர்வாருவோம். ஒருவர் வராவிட்டால் பக்கத்துப் பங்குக்காரர் சேர்த்து வெட்டுவார். வராதவர் மறு ஆண்டு இரு பங்கு வெட்ட வேண்டும். இதற்கு இதுவரை எந்த அலுவலகமும் தேவைப்பட்டதில்லை.

4. சென்ற ஆண்டு வேலை தொடங்கிய இரண்டாம் நாளே நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அவ்வாண்டுதான் தொடங்கிய செயற்கைக்கோள் கண்காணிப்பில் மண் கிளறப்பட்டது தெரிகிறதாம். தொடர்ந்தால் நான்கு பேரின் ஒப்பந்தமும் ரத்தாகுமாம். பயந்துபோய் நிறுத்தினோம். கீழே உள்ளவர்கள் தங்கள் பங்கை ஒழுங்காக வெட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். மழையும் பெய்தது. தலைப்பில் முழங்கால் அளவு வண்டல் அடைத்திருந்ததால் தண்ணீர் கீழே இறங்காமல் என் நிலத்துக்குள் ஏறி ஒன்பது நாள் நின்றது. திட்டத்துக்காக நட்ட கன்றுகளில் இருநூறுக்கு மேல் அழுகின. எதைக் காப்பாற்ற வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டோமோ அதுவும் போயிற்று. கீழே பயிர் கருகியது. இப்போது அங்கே ஆளுக்கு ஆள் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். இரண்டு பழைய கிணறுகள் வற்றிவிட்டன.

5. கடைசி நிலம் என் தங்கையுடையது. அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் நின்றபடியே, “மரத்துக்கு முப்பது வருஷம் காவல் போட்டிருக்கீங்க. என் வயலுக்கு ஒரு மழைக்காவது வழி விடுக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பது மாதமாக என் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஐயா. இது அலுவல் சார்ந்த செய்தி அன்று என்பதை அறிவேன். இருந்தும் எழுதிவிட்டேன்.

6. நிறுவனத்தைக் கேட்டால் உங்கள் அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். உங்கள் அலுவலகத்தைக் கேட்டால் நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். தங்கள் உதவியாளர் கணினியைத் திருப்பிக் காட்டி, “வரைபடத்துல வாய்க்காலே இல்லையேம்மா” என்றார். அந்த இல்லாத வாய்க்காலில் செருப்பு நனைந்துதான் அன்று நான் வந்திருந்தேன். அவர்மேல் தப்பில்லை, திரையில் இருப்பதைச் சொன்னார். ஆனால் தங்கள் ஆவண அறையில், சன்னலுக்கு அருகிலுள்ள இரும்பு அலமாரியின் மேல்தட்டில், பழைய நில அளவைப் புத்தகம் இருக்கிறது; பள்ளி நிலத்தின் அளவுக்காக வந்தபோது நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் வாய்க்கால் அகலத்தோடு வரையப்பட்டிருக்கிறது. ஏணி கேட்டால் காவலாளி தருவார்.

ஆகவே நான் கேட்பது:

அந்தப் புத்தகத்தை வைத்து, இக்கரையோடு நடந்து எல்லையை மறுபடி அளந்து, வாய்க்காலைத் திட்டத்திலிருந்து விடுவிக்க வேண்டும். அளந்து முடிக்கக் காலமாகும் என்றால், தூர்வார மட்டும் இடைக்கால அனுமதி தந்து, நகலை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். மழைக்கு இன்னும் ஆறு வாரமே இருக்கிறது.

இன்னொன்று. இந்த வட்டாரத்தில் மேலும் பல நிலங்கள் திட்டத்தில் சேரப்போவதாகக் கேள்விப்படுகிறேன். சேரட்டும், நல்லதுதான். ஆனால் மேலே இருப்பவர் கையெழுத்துப் போட, கீழே இருப்பவருக்குத் தண்ணீர் நின்றுபோகிறது. எந்த வரைபடத்தையும் கடைமடைக்காரர் கண்ணில் காட்டாமல் இறுதி செய்யக்கூடாது என்று ஓர் ஆணை பிறப்பியுங்கள்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தூர்வாரும் வேலை தொடங்க வேண்டும். அனுமதி வந்தால் நாற்பத்தேழு வீட்டாரும் இறங்குவோம். வராவிட்டால் நான் மட்டும் இறங்குவேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. ஒரு நாளைக்கு எவ்வளவு வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டுவேன். பிறகு யார் வெட்டியது என்று விசாரிக்கத் தங்கள் பணியாளர்கள் அலைய வேண்டாம் என்பதற்காக இப்போதே எழுத்துமூலம் தெரிவிக்கிறேன். நடவடிக்கை எடுப்பதானால் என் ஒருத்திமேல் மட்டும் எடுங்கள்.

தவறை ஒப்புக்கொண்டும், தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்தும்,

(ஒப்பம்)
முதல் நிலத்தின் உரிமையாளர்

இடம்: வாய்க்காலின் தலைப்பு
நாள்: ஆகஸ்ட் 18