ஈர பூட்ஸ்

ஜூலை 9, செவ்வாய்

இசை விழா அட்டவணை வந்துவிட்டது. எங்களுக்குச் சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. உச்சி வெயில், மொட்டை வயல், எல்லோரும் கூடாரத்தில் கவிழ்ந்து கிடக்கும் நேரம். வெர்னனுக்கு ஞாயிறு மாலை ஐந்து, பெரிய மேடை, மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் அவன் குழு மொத்தமாக எட்டுப் பாட்டு வாசிக்கும். அதில் ஒன்று என்னுடையது.

இந்த நோட்டில் இதை எத்தனை முறை எழுதியிருப்பேன்? இன்னொரு முறை எழுதினால் என்ன குறைந்துவிடும். 'ஈர பூட்ஸ்' என் மெட்டு. 2011-ல் இதே விழாவில், மழையில் என் பூட்ஸ் தொப்பலாக நனைந்து கிடந்த ஒரு காலையில் பிறந்தது. அப்போது மூன்று பேரும் ஒரே குழு. நான் பிடில், வெர்னன் மாண்டலின், எம்மெட் பாஞ்சோ. குழு உடைந்ததும் வெர்னன் அதைத் தூக்கிக்கொண்டு போய், மின்சாரக் கிடாரும் இரண்டு டிரம்ஸும் சேர்த்து இருபது நிமிடத்துக்கு ரப்பராக இழுத்து, ஆல்பத்தில் "மரபுப் பாடல்" என்று போட்டான். மரபாம். நான் என்ன செத்தா போய்விட்டேன்?

ஜூலை 11, வியாழன்

வர்ஜீனியா தாண்டி மலை ஏறியதும் வேன் சூடாகி நின்றது. ஹாட்டி இறங்கித் தண்ணீர் ஊற்றினாள். எங்கள் குழுவில் டபுள் பேஸ் வாசிப்பவள் அவள். வேன் ஓட்டுவதும் என்னைத் திட்டுவதும்கூட அவள்தான்.

விழா வயலுக்கு வந்து சேர்ந்தால் முழுக்கச் சேறு. லூசியானாக்காரர்கள் மார்பில் தகரப் பலகையைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து கரண்டியால் தாளம் பிறாண்டுகிறார்கள். காலி ஜாடியில் ஊதுவதற்கு ஐந்து பேர் கென்டக்கியிலிருந்து வந்திருக்கிறார்கள், அதில் இருவருக்கு ஒரே மாதிரி மீசை. ஸ்டீல் கிடாரோடு ஒரு தேவாலயக் குடும்பம், அப்பாவும் நான்கு மகன்களும். அவர்கள் நன்றாக வாசிக்கிறார்கள். அது இன்னும் எரிச்சல்.

எம்மெட் எங்களுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டிருக்கிறான். அவனுக்கு மேடை கிடையாது. வருடா வருடம் டிக்கெட் வாங்கி வந்து, மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வருகிறவன் போகிறவனோடெல்லாம் வாசிப்பான். வட்டத்துக்கு ஒரே சட்டம்தான்: மெட்டை யார் தொடங்கினாரோ அவர் காலைத் தூக்கிக் காட்டினால்தான் கடைசிச் சுற்று. அதுவரை யாரும் நிறுத்தக் கூடாது. எம்மெட்டுக்கு அந்தக் கால் எழும்பவே எழும்பாது. மேடையிலும் மூன்று நிமிடப் பாட்டை ஒன்பது நிமிடம் ஆக்குவான். அதனால்தான் 2012-ல் குழுவிலிருந்து அனுப்பினோம். போனில் சொன்னது நான்.

"கோரா, வந்து உக்காரேன். ஒரே ஒரு சுத்து," என்றான் இன்று.

"வேலை இருக்கு."

"பன்னெண்டு வருஷமா அதே வேலையா?"

சிரிப்பு வேறு. அவன் யார்மீதும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு ஆளை எப்படி நம்புவது?

ஜூலை 12, வெள்ளி

காலைச் சாப்பாட்டுக்குப் பிஸ்கட்டும் கிரேவியும் வாங்க வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து வெர்னன். வானவில் வாந்தியெடுத்த மாதிரி ஒரு சட்டை.

"ஞாயித்துக்கிழமை எங்க மேடைக்கு வாயேன். 'ஈர பூட்ஸ்' வாசிக்கறோம். நீயும் சேர்ந்துக்க, ஜனங்களுக்குப் பிடிக்கும்."

"யாரோட மெட்டை?"

"ஆரம்பிச்சிட்டியா! அது யாரோடதும் இல்ல, கோரா. வட்டத்துல கெடந்துச்சு, எடுத்து வாசிச்சோம்."

"கெடக்குதுன்னு எடுக்கறதுக்கு அது என்ன நாய்க்குட்டியா?"

ஆனால் வருகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டிருந்த ஹாட்டி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொன்னவ யாரு?"

சொன்னேன் அவளிடம். மைக் என் கைக்கு வரும். ஐயாயிரம் பேர் இருப்பார்கள். வாசிப்பதற்கு முன்னால் நிதானமாக, பெயரைச் சொல்லி, இவன் திருடன் என்று சொல்லப்போகிறேன்.

"சாட்சி வெச்சிருக்கியா? சும்மா சொன்னா, பொறாமை புடிச்சவ, மத்தியான மேடைக்காரின்னு சிரிப்பாங்கடி."

அவள் சொல்வது சரிதான். அதனால் ஓட்டிஸைத் தேடிப் போனேன். நீளக் கம்பத்தின் நுனியில் மைக்கைக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாக எல்லாவற்றையும் பதிவு செய்கிறவன். விற்கமாட்டான், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பான். மேடைதான் என்றில்லை, காலை வட்டம், கழிப்பறை வரிசையில் முனகுகிறவன், எதையும் விடமாட்டான். 2011-ல் நான் அந்த மெட்டை முதலில் வாசித்த அந்தக் காலையின் பதிவு வேண்டும் என்றேன்.

"வீட்டுல இருக்கும். மககிட்ட அனுப்பச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை காலையில வா."

இப்போதே கை பரபரக்கிறது.

ஜூலை 13, சனி

எங்கள் கச்சேரிக்கு நாற்பத்தொரு பேர், ஒரு நாய். ஆற்றில் மூழ்கிச் செத்தவளின் பாட்டுக்கு ஒருத்தி மேடைக்கு முன்னால் இடுப்பில் வளையம் சுழற்றி ஆடினாள். நாளைக்கு வைத்துக்கொள்கிறேன் எல்லோரையும்.

ஜூலை 14, ஞாயிறு, காலை

என்ன எழுதுவது.

ஓட்டிஸ் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். மழைச் சத்தம். தார்ப்பாயில் சொட்டும் தண்ணீர். அப்புறம் பாஞ்சோ. பாஞ்சோ மட்டும், தனியாக. முழு மெட்டும், இரண்டு பகுதியும், ஸ்வரம் வழுக்கிப் போகும் அந்த இடமும்கூட. என் பிடில் மூன்றாம் சுற்றில்தான் நுழைகிறது, தப்பும் தவறுமாக, கற்றுக்கொள்கிற பிள்ளை மாதிரி. கடைசியில் என் குரல். என் குரலேதான்.

"எம்மெட், என்ன பாட்டு இது?"

"பேரு இல்ல. இப்பதான், காலையில வந்துச்சு."

"அப்ப என் பூட்ஸ் பேரை வை. ஊறிப்போய்க் கெடக்கு பாரு!"

எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வெர்னனும்.

பேரு மட்டும்தான் நான் வெச்சேன். பேரு ஞாபகம் இருந்துச்சு, பூட்ஸ் ஞாபகம் இருந்துச்சு, அதை வெச்சு முழுசையும் என்னோடதுன்னு... பதிமூணு வருஷம்! எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், எத்தனை ராத்திரி தூக்கமில்லாம... அந்த வெர்னன் பயல் 'மரபு'ன்னாவது போட்டான். அவன் என்னைவிட யோக்கியனா இருக்கறதுதான் தாங்கல.

ஓட்டிஸைத் திட்டினேன். ஏன் இதையெல்லாம் பதிவு செய்து தொலைக்கிறாய் என்று. பாவம், அவன் காபி கொடுத்தான்.

ஜூலை 15, திங்கள்

நேற்று நடந்ததை முறையாக எழுதிவிடுகிறேன்.

நாலரை மணிக்குப் பிடிலை எடுத்துக்கொண்டு எம்மெட்டின் வட்டத்துக்குப் போனேன். ஒரு மோர்சிங்காரன், ஜாடி மீசைகளில் ஒன்று, எம்மெட். அவன் காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

"அந்த மெட்டு உன்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், மோர்சிங்காரன் வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

"தெரியும்."

"நானும் அவனும் இத்தனை வருஷம் அடிச்சுக்கறோமே, ஏன் வாயத் தொறக்கல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ போனை வெச்சிட்டியே."

குழுவிலிருந்து அனுப்பியபோது, பன்னிரண்டு வருடம் முன்னால் வைத்த போன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எனக்கு அது வராது, அவனுக்கும் தெரியும்.

ஓட்டிஸ் கம்பத்தோடு வந்து நின்றான். என் பின்னாலேயே வந்திருக்கிறான், பிசாசு. "பதிவுல யாரு மெட்டுன்னு போடட்டும்?" என்று பொதுவாகக் கேட்டான்.

எம்மெட் சுருதி பார்த்துக்கொண்டிருந்தான், ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த பாஞ்சோவில்.

"எம்மெட்டோட மெட்டு," என்றேன் மைக்குக்குக் கேட்கும்படி. "பேரு மட்டும் நான் வெச்சது."

எம்மெட் தொடங்கினான். நான் மூன்றாம் சுற்றில் நுழைந்தேன்.

ஐந்து மணிக்குப் பெரிய மேடை முழங்க ஆரம்பித்தது. எம்மெட்டின் கால்களைப் பார்த்தேன். இரண்டும் சேற்றில், எழும்புகிற மாதிரி இல்லை. ஐந்தரைக்கு வெர்னனின் குரல் வயல் முழுக்கக் கேட்டது. "நம்ம பழைய சிநேகிதி கோரா இங்கதான் எங்கயோ இருக்கா. கோரா, மேடைக்கு வாம்மா!" ஐயாயிரம் பேர் கை தட்டினார்கள். மீசைக்காரன் என்னைப் பார்த்தான். நான் எம்மெட்டின் கால்களைப் பார்த்தேன். அவன் எங்கோ மரத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான், முகத்தில் அதே சிரிப்பு. இத்தனை வருடமாக அவனுக்குக் கோபமே வராது என்று நினைத்திருந்தேன்.

நான் இல்லாமலே அவர்கள் தொடங்கி, இழுத்து, முடித்தும்விட்டார்கள். நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம்.

எழுபத்திரண்டு நிமிடம் என்று ஓட்டிஸ் சொல்கிறான். இன்று வலது தோளைத் தூக்க முடியவில்லை. இதையே இடது கையால்தான் கிறுக்குகிறேன். ஹாட்டி வேன் ஓட்டுகிறாள், திட்டவில்லை.