கமலேஸ் படிக்கப் போன இரண்டு வருடம்

8-1-1962, திங்கள்
என் மனைவி கமலேஸ்வரி நேற்று மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். ஆசிரியர் கலாசாலை, இரண்டு வருடம். ஒன்பது வயது மலரும் ஐந்து வயது ராணியும் இனி என் பொறுப்பு. "ஆம்பிளை நடத்துற குடும்பம் மூண்டு மாசம் தாங்காது, தம்பிராசா" என்று கட்டைபறிச்சானிலிருந்து அக்கா சொல்லியனுப்பியிருக்கிறாள். துறைமுகத்து ஸ்டோரில் பதினான்கு வருடம் சாமான் அடுக்கியவன் நான். ஒரு குசினியை அடுக்க ஏலாதா? தகரப் பேணிகளையெல்லாம் உயரப்படி நிறுத்திப் பெயர் ஒட்டினேன். பார்க்க நல்ல வடிவு.

9-1
புட்டுக்கு மாக் குழைக்கும்போது உப்பைத் தேடினேன். மேல் தட்டில், கடைசியில். கை முழுக்க மா. பிள்ளைகள் பாண் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள்.

10-1
"அப்பா, அம்மா உயரம் பார்த்து வைக்கிறேல்ல. எது எங்க வேணுமோ அங்கதான் வைக்கிறவ" என்றாள் மலர். எல்லாவற்றையும் இறக்கினேன். தேயிலையும் சீனியும் கேத்தலுக்குப் பக்கத்தில். உப்பும் தூளும் அடுப்பின் வலப்பக்கம், கை நீட்டினால் படும்படி. எப்போதாவது எடுப்பதுதான் மேலே.

4-3, ஞாயிறு
விடியற்காலையில் ஓடித் திரிந்தது போதும். காலை வேலையில் பாதி முதல்நாள் பின்னேரத்து வேலை. விறகை அப்போதே கொத்தி அடுக்கிவிடுகிறேன். சட்டைகள் மடித்துக் கதிரையில், புத்தகப் பை கதவடியில். இன்னொன்று: பிள்ளைகளுக்கு "உதவி செய்" என்று சொல்லக்கூடாது. ஒரு வேலையை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர்ப் பானை மலருடையது. செருப்புகள் ராணியுடையவை. நேற்று என் செருப்பு கோணலாய்க் கிடந்ததென்று ராணி என்னை ஏசினாள்.

17-6
அக்கா சொன்ன மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

6-11-1963, புதன்
ராணிக்குக் கொப்புளிப்பான். உடம்பெல்லாம் கொப்புளம், காய்ச்சல் இறங்கவில்லை. மலருக்கு முன்பே வந்து போனது, அது ஒரு ஆறுதல். நான் லீவு. விடாத மழை, ஒரு துணியும் காயவில்லை. அக்கா வந்துவிட்டாள்.
"தந்தி அடி தம்பி. தாய் வந்து நிக்கட்டும். படிச்சுக் கிழிச்சது காணும்."
கமலேஸுக்கு வருகிற செவ்வாய் கடைசிச் சோதினை தொடங்குகிறது. மறைக்கலாமோ? இரண்டு வருடப் படிப்பு. ஆனால் அவள் பெத்த பிள்ளையெல்லோ. எனக்கும் ஏலாமல் கிடக்கு — உண்மையா ஏலாமல் கிடக்கு.

7-11
தந்தி அடித்தேன். உள்ளதை மட்டும். கொப்புளிப்பான், பயமில்லையென்று டொக்டர் சொன்னார். 'வா' என்று போடவில்லை. 'வராதே' என்றும் போடவில்லை.

9-11, சனி
வந்துவிட்டாள், நனைந்து ஊறிப்போய். சேலை மாற்றி நேரே ராணியிடம். பிறகு குசினிக்குள் போனாள். கஞ்சி இறக்கியிருந்தது. ராணியின் கோப்பை வேறாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மர வாங்கில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.
"ஏன், என்ன?"
"இங்க எனக்கொரு வேலையுமில்லையே."
"வேலை செய்யவே நீர் வந்தனீர்? அவள் மூண்டு நாளா 'அம்மா அம்மா' எண்டு கிடக்கிறாள். பக்கத்தில போய்ப் படும். அது மட்டும் என்னால ஏலாது."
போய்ப் படுத்தாள். "இனி எங்கயும் போகாத பிள்ளை" என்றாள் அக்கா. கமலேஸ் ராணியின் போர்வையை இழுத்து மூடினாள்.

10-11, ஞாயிறு
காய்ச்சல் விட்டது. கமலேஸ் ராணியையே கேட்டாள். "அம்மா போய்ச் சோதினை எழுதட்டோ?"
"எழுதிப்போட்டுக் கெதியா வாங்கோ."
கமலேஸின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை அக்காதான் நடந்தாள்.

20-1-1964, திங்கள்
குச்சவெளிப் பள்ளிக்கூடத்தில் கமலேஸுக்கு ஆசிரியையாக முதல் நாள். ஆறு மணி பஸ். "நான் வந்திட்டன்தானே, இனி நானே எழும்பிச் சமைக்கிறன்" என்று நேற்றுச் சொன்னாள். அவள் எழும்பி வரும்போது சோறு கட்டி மேசையில் இருந்தது.
"என்ன கறி?"
"மத்தியானம் அவிட்டுப் பாரும்."
சிரித்துக்கொண்டு போனாள். பஸ் ஏற்றிவிட்டு வந்து பிள்ளைகளை எழுப்பினேன்.