புதினா டப்பா

பிப்ரவரி 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, முழுசாக மூடாத ஒரு ஜன்னல். போனில் பேசினால் பாதியிலேயே நமக்குள் வாக்குவாதம் வந்துவிடுகிறது. எழுதினால் உங்களால் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி கடிதம்தான்.

சுகாதாரத் துறை கொடுத்த வேலை சுலபம் என்று நம்பித்தான் கிளம்பினேன். வீடு வீடாகப் போய், யார் புகைக்கிறார்கள், யார் மெல்லுகிறார்கள், யார் பொடி போடுகிறார்கள் என்று கேட்டுப் படிவத்தில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் யாருக்குமே எந்தப் பழக்கமும் இல்லையாம்! இன்றைக்கு ஒரு அம்மா, "என் வீட்டுக்காரருக்கு அந்த வாசனையே ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படி வளைவிலிருந்து புகை சுருள் சுருளாக இறங்கி வருகிறது. நான் புகையைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். "அது பக்கத்து வீட்லேருந்து வருது" என்றார். பக்கத்தில் இருப்பது காலி மனை.

இன்னொரு வீட்டில் அப்பா, மகன் இருவருமே பழக்கம் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். நான் வாசலைத் தாண்டியதும் மகன் ஓடிவந்தான். "நான் பிடிப்பேன், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க." தெருமுனையில் அப்பா காத்திருந்தார். "நான் பிடிப்பேன், பையன்கிட்ட சொல்லிடாதீங்க." இதற்கு நான் எதற்கு நடுவில்?

இதில் புதுத் தலைவலி உங்கள் சரக்கு. உதட்டுக்கடியில் செருகிக்கொள்கிற அந்த வெள்ளைப் பவுச். எல்லாப் பெட்டிக்கடையிலும் அந்த வட்ட டப்பா அடுக்கியிருக்கிறது. என் படிவத்தில் சிகரெட்டுக்குக் கட்டம் உண்டு, சுருட்டுக்கு உண்டு, ஆவி விடுகிற மின்சார சிகரெட்டுக்குக்கூட உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

உங்களைக் குத்திக்காட்டவில்லை. நீங்கள் சிகரெட்டை விட்டது அந்த டப்பாவால்தான். உங்கள் சட்டையைத் துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? சோப்பு விற்றுக்கொண்டிருந்தவர் அதையே விற்கக் கிளம்பியபோதும் நான் தடுக்கவில்லையே.

மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கால் வலியோடு,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 12

அன்புள்ள கணக்கெடுப்பு அதிகாரிக்கு,

மோட்டாரை அணைத்தேன். தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் கத்திய பிறகு அணைத்தேன் என்று உன் மகள் போட்டுக்கொடுப்பாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குப் போகும்போது பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். என் சமையல் அப்படி.

காலி மனையில் புகை விடுகிற அந்தப் பேயை எனக்கும் ஒருநாள் காட்டு.

கட்டம் இல்லாததற்கு எதற்கு இவ்வளவு கோபம்? புகை இல்லை, சாம்பல் இல்லை, உள்ளே இலைத் துணுக்குகூட இல்லை. இதைப் புகையிலைக் கணக்கில் சேர்ப்பது மோர் குடிக்கிறவனைக் குடிகாரன் கணக்கில் சேர்க்கிற மாதிரி. உன் துறைக்காரர்களுக்குக்கூட அறிவு இருக்கிறது, உனக்குத்தான் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல சேதி. நீ இருக்கிற ஊரும் இனி என் விற்பனைப் பகுதிதான். மேலாளர் நேற்றுத்தான் சொன்னார். அந்தப் பக்கம் யார் அதிகம் வாங்குகிறார்கள் என்று சும்மா எழுது. ஆவல்தான், வேறொன்றுமில்லை.

இருமல் இல்லாமல் மாடி ஏறுகிற,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 21

அன்புள்ளவருக்கு,

உங்கள் மோர் உதாரணத்தை என் அதிகாரியிடம் சொன்னால் அவர் உங்களைத் தோளில் தூக்கிக்கொள்வார். அவரும் அதையேதான் சொல்கிறார். "இலை இல்லேன்னா புகையிலை இல்லம்மா. 'பயன்படுத்துவதில்லை'ன்னு குறிங்க."

"சார், தினம் ஒரு டப்பா காலி பண்றாங்க சார்."

"படிவத்துல இருக்கிறதை மட்டும் கேளுங்க."

அவர் சொன்னபடியே குறிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் பென்சிலால் 'டப்பா' என்று எழுதிவைக்கிறேன். அதற்காவது எனக்கு உரிமை இருக்கட்டும்.

யார் வாங்குகிறார்கள் என்று கேட்டீர்களே, சொன்னால் நம்பமாட்டீர்கள். சிகரெட்டை விட்ட ஆண்கள் ஏதோ கொஞ்சம் பேர். சிகரெட்டையும் விடாமல் இதையும் வைத்துக்கொள்கிறவர்கள் அதைவிட அதிகம். மிச்சம் முழுக்க, ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற தையல் கூடத்துப் பெண்கள்! சட்டை தைக்கிற கூடம். இடைவேளை மணி அடிக்கும்வரை மிஷினை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இதை வைத்துக்கொண்டால் பசி தெரியவில்லையாம், தூக்கம் வரவில்லையாம்.

காலர் தைக்கிற ஒரு பெண், நம் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். "சிகரெட்டை நான் கையால்கூடத் தொட்டதில்லக்கா. இது புதினாதானே?" என்றாள். அதில் நிகோடின் இருக்கிறது என்றேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த எழுத்து எறும்புக்கால் மாதிரி இருக்கிறது, நான்தான் வாசித்துக்காட்டினேன். "அதான் காலையில வைக்காம வந்தா ஊசியில நூல் கோக்க முடியலையா?" என்று கேட்டாள்.

நீங்கள் சிகரெட்டிலிருந்து இறங்கி வந்த படி இது. அவள் இதில்தான் ஏறவே ஆரம்பிக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 3

என் கைராசிக்காரிக்கு,

நீ வாழ்க! உன் கடிதம் வந்த நேரம் நல்ல நேரம். அந்தத் தையல் கூடத்து வாசலில் இருக்கிற இரண்டு கடைக்கும் போனேன். நீ சொன்னது அப்படியே உண்மை. சின்னதாக, இளஞ்சிவப்பில், கைக்குள் அடங்குகிற மாதிரி டப்பா போட்டால் பெண்கள் இன்னும் வாங்குவார்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். கிடங்கில் அப்படி ஒரு சரக்கு ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்ததாம். உடனே அனுப்பிவிட்டார். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எனக்குக் கைதட்டல்! இத்தனை வருஷத்தில் எனக்கு யார் கைதட்டினார்கள்?

எல்லாம் உன்னால்தான். நீ வரும்போது வீட்டில் துணி துவைக்கிற மிஷின் நிற்கும். இனி என் சட்டையை நீ துவைக்க வேண்டாம்.

சந்தோஷத்தில்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

உங்களுக்கு,

மிஷின் வேண்டாம். திருப்பி அனுப்புங்கள்.

விட்டுப்போன கேள்விகளைக் கேட்க நேற்று அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னலுக்குள் ஆள் நடமாட்டம் தெரிகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. கூடத்து வாசலில் உங்கள் இளஞ்சிவப்பு விளம்பரத் தட்டி, என் உயரத்துக்கு. இலவசமாக ஒன்று கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள்.

காலர் தைக்கிற பெண் மட்டும் வெளியே வந்தாள். "அக்கா, கம்பெனி ஆளுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே. நாங்க என்ன அடிச்சா விரட்டியிருப்போம்?"

"நான் கம்பெனி ஆள் இல்லம்மா."

"நீங்க வந்து கேட்டுட்டுப் போனீங்க. பின்னாலயே எங்களுக்குன்னு டப்பா வருது. வேற யார் சொன்னது?"

நான்தான் சொன்னேன். வேறு யார்? 'நீங்கள் சொல்வது எங்கள் துறையைத் தாண்டிப் போகாது' என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று வாசித்துவிட்டு, அதைக் கட்டின புருஷனுக்கு எழுதி அனுப்பினேன். படுக்கையில் படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சு மாதிரி நினைத்துத்தான் எழுதினேன். அதை நீங்கள் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனீர்கள். "சும்மா எழுது, ஆவல்தான்" என்று கேட்டது இதற்குத்தானா? எனக்கு எரிச்சல் உங்கள் மேல் அதிகமா என் மேல் அதிகமா என்று தெரியவில்லை.

நடந்ததை என் அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். இனி அவர் பாடு.

வீட்டுக்காரி


மார்ச் 15

அன்புள்ளவளுக்கு,

நான் என்ன கொள்ளையா அடித்தேன்? கடையில் வைத்து விற்கிற பொருள், சட்டப்படி விற்கிற பொருள். நான் விற்காவிட்டால் இன்னொருவன் அந்த வாசலில் நிற்பான். நான் இருமி இருமி ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்ததை நீ மறந்துவிட்டாய். என்னைத் தூக்கி நிறுத்தியது இந்த டப்பா. அதை நாலு பேருக்குக் கொடுத்தால் தப்பா?

அந்தப் பெண்களும் குழந்தைகள் இல்லை. வேண்டாமென்றால் துப்பிவிட்டுப் போகலாம். நானே நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன்.

அதிகாரியிடம் எதற்குப் போய்ச் சொன்னாய்? நம் வீட்டுப் பேச்சு நம் வீட்டோடு இருக்க வேண்டாமா? உன் கடிதத்தை மகள் மேஜைமேல் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு 'ம்', 'ஊகும்' தவிர வேறு பேச்சு இல்லை. வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு பக்கம் நின்றால் நான் எங்கே போய் நிற்பது?

போனது போகட்டும். அறிக்கையில் அந்தக் கூடத்தின் பெயரை மட்டும் போடாதே. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 24

அன்புள்ளவருக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வருகிறது, அது பழக்கம்.

அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். அந்தத் தெருக்களில் நான் எடுத்த எல்லாப் படிவத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். வேறு ஆட்கள் புதிதாகப் போகிறார்கள். இனி நான் எந்த வாசலிலும் நிற்கக் கூடாது. அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவருகிற படிவங்களைப் பிரித்து அடுக்குகிறேன். ஒன்று மட்டும் நடந்தது. ரத்து செய்த படிவங்களை அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாராம், ஓரமெல்லாம் 'டப்பா', 'டப்பா' என்று. "இத்தனை பேராம்மா?" என்று கேட்டார். புதுப் படிவத்தில் பவுச்சுக்கு ஒரு கட்டம் வருகிறது. கூடத்தின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. அது உங்களுக்காக இல்லை, விதியே அப்படி.

நான் இப்போது வீட்டுக்கு வருவதாக இல்லை. வந்தால் பேச்சு மோட்டார், சமையல் என்று ஆரம்பித்து அப்படியே மூடிப்போகும். உங்களை எனக்குத் தெரியும், என்னையும் தெரியும். இந்த அறையை இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்கிறேன். மகள் விடுமுறைக்கு இங்கே வரட்டும்.

எப்போது வேண்டுமானாலும் விடுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பையிலும் வாயிலும் டப்பா இல்லாமல் வாருங்கள். காலர் தைக்கிற அந்தப் பெண் வீட்டு வாசலுக்கு இரண்டு பேருமாகப் போவோம். கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, தப்பு நம்முடையது என்று வெளியே நின்றே சொல்லிவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


ஏப்ரல் 2

அன்புள்ளவளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமையும் நான் வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். கிளம்பினேன். மேஜைமேல் டப்பாவை வைத்துவிட்டு, மகள் பார்க்கும்படியாகவே வைத்துவிட்டு, பஸ் ஏறினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஜன்னல் சத்தம் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் பேப்பர் மடிக்கிற சத்தம் தாங்கவில்லை. சில்லறைக்காகக் கண்டக்டரிடம் கத்தினேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கை வியர்த்துப்போய், நாக்கு உதட்டுக்கடியில் தானாகத் தேடுகிறது. பாதி வழியில், பாலத்தடி நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அங்கே இருக்கிற கடைக்குச் சரக்குப் போடுகிறவனே நான்தான். கடைக்காரர், "என்னண்ணே, ஞாயித்துக்கிழமையே ஆர்டர் எடுக்க வந்துட்டீங்க?" என்றார். ஒரு டப்பா கொடுங்கள் என்று கேட்டேன். "நீங்களே வாங்கறீங்களா!" என்று சிரித்தார். அவர் முன்னாலேயே பிரித்து வைத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பசி தெரியாமல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் துப்பிவிட்டுப் போகலாம் என்று எழுதினேன், இல்லையா? அதை நீ கிழித்துப் போட்டுவிடு.

உன் ஊர்ப் பகுதி எனக்கு வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். வேலையை விடவில்லை, விட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த விளம்பரத் தட்டியை எடுக்கச் சொன்னேன், அந்தப் பகுதிக்கு என் இடத்தில் புதிதாக வந்தவன் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் மறுபடி ஏறுகிறேன். எவ்வளவு தூரம் வருவேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 5

அன்புள்ளவருக்கு,

கோபம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. திட்டுவதற்கு ஆள் எதிரில் வேண்டும், காகிதத்தில் எவ்வளவுதான் திட்டுவது.

முதல் பஸ் பாலத்தடிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்துவிட்டேன். நான் அங்கே வந்து நிற்கிறேன். நீங்கள் இறங்க வேண்டாம். கதவுப் பக்கத்து இருக்கையில் எனக்கு இடம் போட்டு வையுங்கள், அங்கிருந்து நானும் ஏறிக்கொள்கிறேன். வழியெல்லாம் கத்த வேண்டுமென்றால் என்னிடம் கத்துங்கள், கண்டக்டரை விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி