படித்துக் காட்டாத அறிக்கை

இன்று காலை பழைய கோப்புகளை ஆண்டு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, என் அறிக்கை ஒன்றின் ஓரத்தில் உங்கள் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். "இதை அவருக்குப் படித்துக் காட்டினீர்களா?" பக்கத்தில் உங்கள் பால் கலக்காத தே ஓ தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கறை மட்டும் நேற்று விழுந்ததுபோல இருக்கிறது.

தேயிலை மலை ஊரான தானா ராத்தாவில், மருந்துக் கடைக்கு மேலே, நமக்கு இரண்டு அறைகள். உளவள ஆலோசனை என்று பலகை மாட்டினோம். நடுவில் இருந்தது மெல்லிய பலகைச் சுவர். அழுவதற்காகப் படியேறி வந்தவர்கள் உங்கள் அறையில் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். என் அறையில் கடிகாரச் சத்தம்தான் கேட்கும். வழிமுறைகளை நான் ஒன்றுவிடாமல் பின்பற்றினேன். ஆனாலும் என்னிடம் வந்தவர்கள் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு, "அந்தத் தங்கச்சிகிட்ட பேசலாமா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாக என்பேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருமுறை என்னையும் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, அழைத்துப் போனீர்கள். என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் துண்டால் நாற்காலியைத் துடைத்தார். என் அப்பா அங்கே கிராணியாக இருந்து கணக்கெழுதியவர். அவர் இறந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் நான் அவர்களுக்குக் கிராணி மகன்தான். நீங்களோ கொழுந்து பறித்தவரின் மகள். "வா புள்ள, உக்காரு" என்று பாயை நகர்த்திப் போட்டார்கள். திரும்பி வரும்போது சொன்னீர்கள்: "எழுந்து நிக்கிறவங்க நம்மகிட்ட உண்மைய சொல்ல மாட்டாங்க சார்." எனக்கு ஒரு பாய் கிடைக்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் அடிக்கடி வாதிட்ட விஷயம் ஒன்றே. தோட்டத்துச் சண்டை அறைக்குள் வரக்கூடாது, நம் வேலை மனத்தோடு நின்றுவிட வேண்டும் என்பேன்.

"கூரை ஒழுகுற வீட்ல ஒருத்தருக்குத் தூக்கம் வரலன்னா, அது நோயா சார்?"

"கூரையை நாம் சரிசெய்ய முடியாதே, அம்மா."

"முடியாதுதான். ஆனா நோய்னு எழுதாம இருக்கலாம் லா."

பிறகு அவர் வந்தார். பெயர் உங்களுக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று மேனேஜரிடம் சத்தம் போட்டுவிட்டார். கோபத்தைக் குறைத்து அனுப்பச் சொல்லி மேனேஜர் அவரை என்னிடம் அனுப்பினார். ஆறு வாரம் மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்தேன். குரல் தணிந்தது. "மாறிவரும் சூழலை ஏற்றுக்கொள்ளும் மனநிலைக்கு வந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். நல்ல வாக்கியம் என்று எனக்குள் ஒரு திருப்தி. அனுப்புவதற்கு முன் உங்கள் மேசையில் வைத்தேன். நீங்கள் பாராட்டுவீர்கள் என்ற எண்ணம்.

பென்சில் கேள்வியோடு அது திரும்பி வந்தது. வந்தவரைப் பற்றி எழுதும் எதையும் முதலில் அவருக்கே படித்துக் காட்டுவது உங்கள் பழக்கம். அது சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் தேடிப் போகும் நீங்கள் என் வாக்கியத்தையும் திருத்த வந்துவிட்டதாகத் தோன்றியது. கேள்வி விழுந்த பிரதியைக் கோப்புக்குள் செருகிவிட்டு, சுத்தமாக இன்னொன்று அச்செடுத்து அன்றே அனுப்பினேன்.

பத்து நாளில் அவர் படியேறி வந்து என் கதவைத் தாண்டி உங்கள் அறைக்குப் போனார். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டது.

"நா ஒத்துக்கிட்டேனாம் தங்கச்சி. வீட்ட விட மனசார ஒத்துக்கிட்டேனாம். மேனேஜர் பேப்பர காட்றாரு. நா எப்ப சொன்னேன்?"

"நீங்க சொல்லலண்ணே. சார் கெட்டது நெனச்சும் எழுதல."

"சாருக்கு என்ன தெரியும், கிராணி மகன் லா."

"அப்பவே கேட்டேனே, ஏன் படிச்சுக் காட்டல?" என்று நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் அவரோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனீர்கள். அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை என்னையே எழுதச் சொல்லி, அவருக்கு நீங்கள் படித்துக் காட்டினீர்கள். ஒரு வருட அவகாசம் கிடைத்தது. பிறகு அவர் குடும்பம் கம்போங் ராஜாவில் வாடகை வீட்டுக்குப் போனது. போகும் முன் உங்களுக்குத் தன் தோட்டத்து முட்டைக்கோஸ் கொண்டுவந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். அந்த முட்டைக்கோஸைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமை வந்தது. வெட்கம் வர இன்னும் பல மாதம் பிடித்தது.

இப்போது வாரம் இரண்டு நாள்தான் அறையைத் திறக்கிறேன். போன வாரம் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அவளைப் பற்றி எழுதியதைத் தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினாள்.

"பயந்த சுபாவம்னு எழுதாதீங்க சார். எனக்கு பயம் கெடயாது. அந்த மேற்பார்வையாளரோட தனியா லோரில போக மாட்டேன்னு சொன்னேன், அவ்ளோதான்."

அந்தச் சொல்லை அடித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். இந்த வயதிலாவது ஒன்றைச் சரியாகச் செய்தேன் என்று மனம் கொஞ்சம் நிமிர்ந்தது. கதவருகே போனவள் திரும்பினாள். "முன்ன இங்க இருந்த அக்காவும் இப்படித்தான் படிச்சுக் காட்டுவாங்களாம். எங்கம்மா சொல்லும்."

சுருக்கென்றது. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதில்கூட நான் இரண்டாவது ஆள்தான். அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை. போகும்வரை காத்திருந்தால் அவளுடைய வாக்கியம் அறிக்கையில் ஏறியிருக்காது. அதனால் அதை வைத்துக்கொண்டேதான் படித்துக் காட்டுகிறேன்.

இன்று காலை பென்சிலைச் சீவி, உங்கள் கேள்விக்குக் கீழே "இல்லை" என்று எழுதினேன். பிறகு அறிக்கையைக் கோப்பில் செருகி, அந்த ஆண்டின் இடத்தில் வைத்தேன்.