ப்ளூடூத் இல்லாத பாட்டுப்பெட்டி

அன்பு மகள் சில்வண்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் வந்திருக்கும். அதைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இதைப் படிக்க உட்கார்ந்திருப்பாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

நீ கேட்ட பாட்டுப்பெட்டி கிடைத்துவிட்டது. அது கிடைத்த கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அம்மா இதைப் பல தடவை கேட்டுச் சலித்துவிட்டாள். இன்னொரு தடவை ஆரம்பித்தால் பட்டினிதான் என்று சொல்லிவிட்டாள். ஆகவே நீ மாட்டிக்கொண்டாய்.

உன் ஆராய்ச்சி நிலையத்தில் செல்போனே கூடாது, வானத்திலிருந்து வருவதை அந்தப் பெரிய கிண்ண ஆன்டெனாக்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு போன் சிணுங்கினால்கூட எல்லாம் கெட்டுவிடும் என்று நீ எழுதியதை இங்கே ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். நான் பழுது பார்க்கிற லிஃப்ட்டில் ஏறுகிற யாரும் தப்ப முடியாது. ‘என் பொண்ணு வானத்துச் சத்தத்தைக் கேக்குற வேலையில இருக்கா’ என்று தொடங்கிவிடுவேன். அது சத்தம் இல்லை, அலை என்று நீ திருத்தியது நினைவிருக்கிறது. ஆனால் மூன்றாவது மாடி வருவதற்குள் விளக்கி முடிக்க வேண்டுமானால் சத்தம் என்றுதான் சொல்ல முடிகிறது. நேற்று ஒரு அம்மாள் இரண்டாவது மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போய்விட்டார். பெருமை கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். ப்ளூடூத் கூடாது, வைஃபை கூடாது, உங்கள் நிலையத்துக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்பதால் அதில் செருகினால் பென்டிரைவ் மாதிரி தானாகத் திறக்க வேண்டும், விலையும் அப்பாவைக் கொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாய். நீ போகும்போது லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பக் கூடாது, கண்ணெதிரே செருகிப் பார்த்துவிடுவது என்று தீர்மானம். லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல நாள் ஆகிவிட்டது அல்லவா, அதனால் ஒவ்வொரு கடையிலும் முதலில் பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. பொருள் வாங்க வந்தவனா, ரிப்பேருக்கு வந்தவனா என்று அவர்களுக்கே குழப்பம்.

முதல் கடையில் காட்டியது பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. செருகினால் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கென்று ஒரு மென்பொருள் போட வேண்டுமாம், அது விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். இரண்டாவது கடைக்காரர் தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்து வைத்து, ‘சார், இதுல எல்லாமே இருக்கு’ என்றார். எனக்கு எல்லாம் இல்லாததுதான் வேண்டும் என்றேன். ப்ளூடூத் இருக்கக் கூடாது, வைஃபை இருக்கக் கூடாது, ரேடியோகூட வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில், ‘பாட்டாவது வரலாமா சார்?’ என்றார். நல்ல மனுஷர். லினக்ஸ் என்றதும் அது எந்தக் கம்பெனி பிராண்ட் என்று கேட்டார். நான் இதுதான் சாக்கென்று உன் வேலையைப் பற்றி ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, உள்ளே போய், பழைய சரக்குக் கிடந்த பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். ‘இதை இப்ப யாரும் கேக்குறதில்ல. உங்க பொண்ணுக்காக எடுக்குறேன்’ என்றார்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. நிஜமான பொத்தான்கள், கண்ணை மூடிக்கொண்டே அழுத்தலாம். மெமரி கார்டு போட இடம் இருக்கிறது. செருகியதும் லேப்டாப்பில் பென்டிரைவ் மாதிரியே திறந்தது. எல்லாப் பெட்டியும் பாடாத ஓஜிஜி வகைக் கோப்பாக நீ சேர்த்து வைத்திருந்த பாட்டையும் பாடியது. கடையிலேயே கைதட்டிவிட்டேன். விலை ஒரு நல்ல செருப்பு விலைதான்.

இனி எழுதப் போவது கொஞ்சம் கஷ்டமானது.

இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள், ராத்திரி ஷிப்ட் முழுக்க அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தால் காது அடைத்துப்போகிற மாதிரி அமைதி, பாட்டு இருந்தால் தாக்குப்பிடித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா. நான் அதில் பாட்டுப்பெட்டியை மட்டும் பார்த்தேன். அம்மா மற்றதைப் பார்த்தாள். நான் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்ததும், ‘இதை வாங்கிக் குடுத்தா அவ அங்கேயே இருந்துடுவாங்க. தெரிஞ்சுதான் வாங்குனீங்களா?’ என்று கேட்டாள். அவள் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவளே கேட்டாள், இதில் பேசினால் பதிவாகுமா என்று. ஆகும் என்று சொல்லி, எந்தப் பொத்தான் என்று காட்டினேன். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் பாட்டுகளை ஏற்ற உட்கார்ந்தேன். லேப்டாப்பில் எவ்வளவு ஏறியது என்று காட்டுகிற கோடு முழுசாக ஓடி முடிந்தது. வேலை முடிந்தது என்று ஒயரை உருவிவிட்டேன். திரையில் ‘பத்திரமாக அகற்று’ என்பதை அழுத்திவிட்டுத்தான் உருவ வேண்டும், கோடு ஓடி முடிந்தாலும் உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் என்று நீ உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தாய். நான் இரண்டாம் பக்கத்தோடு பொறுமையிழந்து கடைக்குக் கிளம்பியவன். லிஃப்ட் முழுசாக நிற்பதற்குள் கதவைத் திறக்கப் பார்க்கிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன் நான். பெட்டியை மறுபடி செருகித் திறந்தால் பாட்டுகளின் பெயர் இருக்கிறது, பாட்டு இல்லை. லேப்டாப் ஏதோ கேட்டது, பெட்டியைச் சுத்தம் செய்யட்டுமா என்கிற மாதிரி. சுத்தம் நல்லதுதானே என்று சரி கொடுத்தேன். பாட்டோடு அம்மா பேசியதும் சேர்ந்து போய்விட்டது.

அவளிடம் சொன்னபோது, ‘வேணும்னே அழிச்சிட்டீங்க’ என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. நீ அங்கே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அவளுக்குத் தெரியும், அதனால் நம்ப வேண்டிய காரணமும் அவளுக்கு இல்லை. வீட்டில் சில நாள் தையல் மிஷின் மட்டும்தான் பேசியது. நான் லிஃப்ட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

முந்தாநாள் அவள் கையை நீட்டிப் பெட்டியைக் கேட்டாள். திரும்பவும் சமையலறை, திரும்பவும் கதவு. இந்தத் தடவை கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டாள். சாப்பாடு போடும்போது, ‘முன்னாடி பேசுனது போனதும் நல்லதுக்குத்தாங்க. அது எனக்காகப் பேசுனது, அவளுக்காக இல்ல’ என்றாள். நான் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அவள் என்ன பேசியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நேற்றுப் பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். பாட்டுகளை மறுபடி ஏற்றி, ‘பத்திரமாக அகற்று’ கொடுத்து, உருவலாம் என்று அது சொன்ன பிறகும் அம்மாவை ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஒயரைத் தொட்டேன். முதல் பாட்டுக்கு முன்னால் அவள் குரல் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு நிலையத்துக்குப் பதில் கொடு.

அங்கே இருப்பது என்று முடிவு செய்தால், எங்களை நினைத்துத் தயங்காமல் கையெழுத்துப் போடு. திரும்பி வருவது என்று முடிவு செய்தால், தோற்று வருகிறவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வராதே, பாட்டுப்பெட்டியை நானே வைத்துக்கொள்கிறேன். உலகத்தில் எத்தனை அப்பன்களின் பிள்ளைகளை அந்தக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் உட்கார விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளையை விட்டார்கள். அது எனக்குப் போதும், அதை இனி யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. பகலில் நன்றாகத் தூங்கு. எங்கே இருந்தாலும் நீ நிம்மதியாக இருக்க வேண்டும், வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் முடிவை எழுதும்போது கவரின் மேல் என் பெயரைப் போடாதே, அம்மா பெயரைப் போடு. அவள் முதலில் பிரிக்கட்டும். அவள் படித்து முடித்துக் கையில் கொடுக்கும்வரை நான் வாசலில் காத்திருக்கிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா