ரிப்பனில் அளந்த தெரு

அப்பா,

இன்று ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பிரித்ததுமே மிளகு வாசனை மூக்கில் ஏறியது. உங்கள் பேத்தி எட்டிப் பார்த்து, "இதேந்தி மம்மீ, மிரியாலா?" என்றாள். நான் தமிழில் பேசினாலும் அவளுக்குத் தெலுங்குதான் வாயில் வருகிறது. மிளகுதான், கூடவே கல் உப்பு, நடுவில் வாடிய சாமந்தி இதழ்கள். சித்தப்பா மகன் ஆரோக்கியம் அனுப்பியிருக்கிறான். திருவிழாவில் நம் தெருக்காரர்கள் மாதா சப்பரத்தில் போட்ட உப்பு மிளகு அது.

ஆமாம் அப்பா, நம் தெருவுக்குள் சப்பரம் வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் கூவிச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. கசப்போடுதான் எழுதுகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

இங்கே ஐதராபாத்தில் சனத்நகர் லேத் பட்டறையிலிருந்து வந்து கையில் கிரீஸைத் தேய்த்துக் கழுவும்போது ஊர் மாதா கோயிலின் கதையைச் சொல்வீர்கள். "மாதா முதல்ல வந்தது நம்ம தெருவுக்குத்தான்." வெள்ளைக்காரச் சாமியாருக்கு மேலத்தெருவில் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். நம் தெருவில்தான் கூரை போட்டு முதல் பூசை. பிறகு நஞ்சையும் களமும் வைத்திருந்த மேலத்தெருக்காரர்களும் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானார்கள். அதோடு கோயில் அவர்கள் பக்கம் போய்விட்டது. கண்மாய் மண் வெட்டிச் செங்கல் சுட்டதும், சுண்ணாம்பு அரைத்ததும், சாரத்தில் ஏறியதும் நம் ஆட்கள். கட்டி முடித்ததும் நடுவில் ஒரு மரக் கிராதி வைத்து, இடது பக்கத்தை நமக்கு ஒதுக்கினார்கள்.

எனக்கு நினைவு தெரிந்தபோது கிராதி இல்லை. ஆனாலும் இல்லாத கிராதிக்கு இந்தப் பக்கமேதான் உட்கார்ந்தோம். கோயில் நூற்றாண்டு மலரில் இடம் கொடுத்தவர்களின் படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. நமக்குக் கிடைத்தது ஒரு சொல், 'உடலுழைப்பு'. அந்த மலரைக் கிழித்து மெஷின் துடைக்கப் பட்டறைக்கு எடுத்துப் போனீர்கள். பாவம் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அறுவடை முடிந்து திருவிழா வரும், நாமும் ஐதராபாத்திலிருந்து ஊருக்குப் போவோம். மாதா சப்பரத்தில் ஏறி வர, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வேண்டுதலாக உப்பும் மிளகும் போடுவார்கள். எல்லா வாசலும் என்றால் மேலத்தெரு வாசல்கள். நம் தெரு முனையில் கிணற்று முக்கு வரும். அங்கே சப்பரம் ஒரு நொடி நிற்கும், மாதா நம்மைப் பார்ப்பாள், உடனே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். கேட்டால் ஒரே பதில்: "தெரு குறுகல்ப்பா, நுழையாது." நம் ஆட்கள் முக்குவரை ஓடி, தரையில் சிந்திக் கிடந்த மிளகைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். நானும் ஒருமுறை குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டீர்கள். "கீழ விழுந்ததப் பொறுக்காத. நம்ம வாசலுக்கு வரட்டும், போடுவோம்." வருடா வருடம் வாசலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தட்டில் உப்பும் மிளகும் வைத்துக் காத்திருப்பீர்கள். மறுநாள் அம்மா அந்த உப்பைக் குழம்பில் போடுவாள்.

மேலத்தெரு இளவட்டங்கள் வேலை தேடி வெளியூர் போன பிறகு சப்பரம் தூக்கத் தோள் போதவில்லை. நம் தெருவில் தோள்களுக்கு என்ன பஞ்சம்? ஆனால் நம் தோளை விட இரும்புச் சக்கரம் அவர்களுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. பங்குச் சாமியார் உங்களைக் கூப்பிட்டு, "நீங்க ஐதராபாத்ல லேத் வேலையில இருக்கீங்களாமே, சப்பரத்துக்குச் சக்கரமும் சட்டமும் செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டார். நீங்கள் உடனே தலையாட்டியது கண்டு அம்மாவுக்குக் கோபம். எனக்குத்தான் காரணம் தெரியும்.

அன்று மாலை என் இரட்டைச் சடையை அவிழ்க்கச் சொல்லி, இரண்டு சிவப்பு ரிப்பன்களையும் சேர்த்து முடிந்தீர்கள். "டேப்ப எடுத்தா எதுக்கு என்னன்னு கேப்பாங்க. நீ சும்மா விளையாடுற மாதிரி அந்தச் சுவருகிட்ட நில்லு." கிணற்றுச் சுவரில் நான் ஒரு முனையைப் பிடிக்க, எதிர் வீட்டுச் சுவரில் நீங்கள் மறு முனையைப் பிடித்து, அகலத்துக்கு அடையாளமாக ஒரு முடிச்சுப் போட்டீர்கள். தெருவின் மிகக் குறுகலான இடம் அதுதான். அந்த அகலத்துக்குள் அடங்கும்படி சனத்நகரில் அச்சும் சட்டமும் செய்தீர்கள். முதலாளியிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு நின்று நின்று கடைந்தீர்கள். "இனிமே எதச் சொல்லித் திருப்புவாங்கன்னு பாப்போம்" என்று சிரித்தீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

திருவிழா வந்தது. உங்கள் சக்கரங்களில் சப்பரம் சத்தமே இல்லாமல் உருண்டு வந்தது. கிணற்று முக்கில் நின்றது. மாதா பார்த்தாள். சப்பரம் திரும்பியது, முன்னைவிட லாகவமாக. நீங்கள் தட்டோடு நின்றபடி சொன்னீர்கள்: "நல்லாத் திரும்புதுல்ல."

அதன்பிறகு நீங்கள் ஊருக்கே போகவில்லை. திருவிழாவுக்குப் போவோமா என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்குப் பட்டறை பாஷையில் ஒற்றைச் சொல். கடைசியாகப் படுத்திருந்தபோதும் கண்டிப்பாகச் சொன்னீர்கள்: "என்ன அங்க கொண்டுபோகாதீங்க. செத்தும் அவங்க கல்லறைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுக்கணுமா?" இங்கேயே புதைத்தோம். இங்கே உங்களுக்கு இடது பக்கம் ஒரு மலையாளி, வலது பக்கம் ஒரு தெலுங்குக்காரர்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நம் தெருப் பிள்ளைகள் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பேச்சுவார்த்தை நடந்து, எல்லாத் தெருவுக்கும் சப்பரம் போக வேண்டும் என்று முடிவானது. மேலத்தெருவும் சரி என்று கையெழுத்துப் போட்டது. திருவிழா வந்தபோது புதுச் சப்பரம் ஒன்று நின்றது. பெரியது, அகலமானது, சுற்றிலும் லைட். அது எப்படி நம் தெருவில் நுழையும்? அதனால் பழைய சப்பரத்தை நமக்கே கொடுத்துவிட்டார்கள், தனியாக இழுத்துக்கொள்ளச் சொல்லி.

ஆரோக்கியம் போனில் பூரித்துப் போய்ச் சொன்னான். "பெரியப்பா செஞ்ச சக்கரம்க்கா. நமக்கே வந்துருச்சு."

"வேண்டாம்னு சொல்லுங்கடா. அவங்க கழிச்சுப் போட்டத எதுக்கு எடுக்குறீங்க?" என்று கத்தினேன்.

அவன் மெதுவாகச் சொன்னான். "நீங்க ஐதராபாத்ல இருக்கீங்கக்கா. இங்க எங்கம்மாவுக்கு வயசாயிருச்சு. ஒருதடவ வாசல்ல உப்பு போட்டுட்டுச் சாகணும்ங்குது."

சப்பரம் வந்த அன்று சித்தி வாசலில் உப்புப் போட்டாள். வீடியோவில் பார்த்தேன், தேம்பித் தேம்பி அழுகிறாள். கிணற்றுச் சுவருக்கும் எதிர் வீட்டுச் சுவருக்கும் நடுவே உங்கள் சக்கரங்கள் எங்கும் உரசாமல் உள்ளே வந்தன. அளவு அச்சாக இருந்தது, அப்பா.

அன்று போனை வைக்கும்போது ஆரோக்கியம் இன்னொன்றும் சொன்னான். "எங்களுக்கே ஒண்ணும் புரியலக்கா. புதுச் சப்பரம் செய்யுறதுக்கு முன்னால மேலத்தெருக்காரங்க நம்ம தெருவுக்கு வந்து டேப் புடிச்சு அளந்துட்டுத்தான் போனாங்க. உள்ள வரத்தான் அளக்குறாங்கன்னு நெனச்சு டீ வாங்கிக் குடுத்தோம்."

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

பொட்டலத்தை மறுபடி கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த மிளகைச் சமையலில் போட மனம் வரவில்லை, குப்பையில் போடவும் கை வரவில்லை. பக்கத்தில் உங்கள் ரிப்பன் இருக்கிறது, சாயம் போய். முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.