சீல் வைத்த சிபாரிசும் நீங்கள் எழுதாத கடிதமும்

என் அன்புக் காதர் மாமாவுக்கு,

இதனால் பர்மாவின் தின்கன்ஜூன் வாழ் சகலருக்கும், மேலே இருக்கும் உங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: உங்கள் மளிகைக் கடைப் பூனை அரிசி மூட்டைகளுக்கு நடுவே குட்டிகளை ஈன்றிருக்கிறது. தாயும் சேய்களும் நலம். அரிசிதான் நலமில்லை.

அடுத்த செய்தி கொஞ்சம் பெரியது. கப்பல் மாலுமிப் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எனக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. பதினெட்டு ஆனவர்களைப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக எடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மா எட்டிப் பார்க்கிறாள். எனக்கு இடம் கிடைத்தால் அவள் கொஞ்சம் தூங்குவாள். இது விளையாட்டு இல்லை மாமா. சொல்வது நான்தான், இருந்தாலும் நம்புங்கள்.

உறவில்லாத ஒருவர், என்னைப் பல வருஷமாக அறிந்தவர், என் குணத்தைப் பற்றிக் கடிதம் தர வேண்டுமாம். "எழுத ஆளா இல்ல? வரிசையில நிக்கிறாங்கம்மா" என்று அம்மாவிடம் மார்தட்டினேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். கல்லாவில் உட்கார்ந்தபடி நீங்களாகவே சொன்னீர்கள்: "டேய் வாலு, எங்கிட்ட வா. என் பர்மா எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆனா உள்ளதத்தான் எழுதுவேன்."

"உள்ளத எழுதினா சேத்துக்குவாங்களா மாமா? அதோட உங்க கடுதாசில மொளகாத்தூள் வாடை அடிக்கும். எனக்கு சீல் வச்சது வேணும்."

சிரித்தீர்கள். ஆனால் அன்று எனக்கு டீ சொல்லவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

உள்ளது உங்களுக்குத்தானே தெரியும்! உங்கள் குடைக்குள் பொரியை நிரப்பி மடக்கி வைத்தவன் நான். பஸ் நிறுத்தத்தில் நீங்கள் குடையை விரிக்க, மழையோடு பொரியும் பெய்தது. மறுநாள் என் காதைத் திருகிவிட்டு, அதே கையால் மீதிப் பொரியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தீர்கள்.

நான் போனது கோயில் தர்மகர்த்தா சோமு ஐயாவிடம். என் பெயரைக் கூட நிமிர்ந்து பார்த்துக் கேட்கவில்லை. தட்டச்சு செய்த தாள் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, பெயர் எழுதி, சீல் குத்தினார். கோயில் பையன்கள் எல்லாருக்கும் அவர் தருவது அதுதான். அந்த ஊதா மையைப் பார்த்து நான் பூரித்துப்போனேன்.

கல்லூரி அலுவலர் என் தாளைப் படித்துவிட்டு, மேசையில் இன்னும் இரண்டு தாள்களை அதன் பக்கத்தில் வைத்தார். நம் தெருப் பையன்களுடையவை. ஓர் எழுத்து மாறவில்லை. பர்மிய மொழியில் கேட்டார்: "இவன் அமைதியானவன், வெள்ளிக்கிழமை பஜனையை நடத்துறவன். மூணு பேருமா நடத்துறீங்க?"

"ஆளுக்கு ஒரு வரி, சயா" என்று மரியாதையாகவே சொன்னேன். வாய் சும்மா இருக்குமா?

அவர் சிரிக்கவில்லை. "உன்னை நிஜமா தெரிஞ்ச ஒருத்தர் எழுதினதைக் கொண்டு வா. இந்த வாரம் முடியறதுக்குள்ள." நான் கப்பலேறுவதற்கு முன்னாலேயே என் மானம் ஏறிவிட்டது மாமா.

அங்கிருந்து நேராக உங்கள் கடைக்குத்தான் போனேன். நீங்கள் எங்களை விட்டுப் போனபின் உங்கள் இடத்தில் மாமிதான் இருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கும் கேட்டாருப்பா. அந்த வாலுப்பய கடுதாசிக்கு வந்தானான்னு. வருவான், நல்ல தாளா எடுத்து வைன்னாரு."

நான் முட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஒனக்கு என்ன வேணும்?" என்றார் மாமி. "முட்டை" என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் மாமா, அன்றைக்கே என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து எழுதியிருக்கக் கூடாதா? நான் கேட்க வருவேன் என்று எந்த நம்பிக்கையில் காத்திருந்தீர்கள்?

நாளைக் காலை கடை திறந்ததும் போய் மாமியிடம் கேட்கிறேன். சத்தியம். உள்ளதையே எழுதச் சொல்கிறேன், பொரி உட்பட. சேர்த்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, என் பேரில் போகிற கடிதம் என்னைப் பற்றியதாக இருக்கட்டும்.

இன்னொன்று. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அப்படி ஒரு வரிசையே கிடையாது மாமா. இந்தத் தெருவிலேயே எனக்காக எழுதுகிறேன் என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

காது திருக ஆளில்லாத,
உங்கள் மருமகன் வாலு